ஆட்சேபம் எண் எழுபத்தெட்டு

முப்பது நாள் கெடு இன்றோடு முடிகிறது.
கடைசி நாளில்தான் எல்லோருக்கும் கோபம் வரும்.
பங்குனி வெயில் கழுத்தில் வழிய
மாநகராட்சி வராந்தாவில் வரிசை.
வாங்குகிறேன், முத்திரை குத்துகிறேன்,
விசிறிக்குப் பறக்காமலிருக்க
மை டப்பாவை மேலே வைத்துத்
தட்டச்சு செய்கிறேன்.

பொருள்: பெனியேல் நகர், ஆசாரிபள்ளம் சாலை.
குடியிருப்பு மண்டலத்தைக்
கலப்புப் பயன்பாடாக மாற்றுவது தொடர்பாக.
கீழே கடை, மேலே வீடு,
அதற்கும் மேலே வீடு, அதற்கும் மேலே.

ஐடா ஸ்டெல்லா, ஓய்வுபெற்ற நர்ஸ்:
அஞ்சு மாடி வந்தால்
எனக்க முற்றத்தில் வத்தல் காயாது.
யாரோ வக்கீல் அதன்மேல் கோடு போட்டு
'சூரிய ஒளி பெறும் உரிமை' என்று திருத்தியிருக்கிறார்.
கோட்டுக்கு அடியில்
வத்தல் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.

செய்யதலி கேட்கிறார்:
இத்தனை கக்கூஸ் தண்ணியும் எங்கே போகும், சானலுக்கா???
மூன்று கேள்விக்குறி.
ஒன்றும் விடாமல் அடித்தேன்.

ஒருவர் எதுவும் எழுதவில்லை.
பதினாறடிச் சாலை வரைந்து
ஒரு முனையில் லாரி, மறுமுனையில் ஆம்புலன்ஸ்,
நடுவில் ஒரு நாய்.
படத்தை எப்படித் தட்டச்சுவது?
'இணைப்பு: ஒன்று' என்று போட்டேன்.

வின்சிலாஸ் மட்டும் ஆதரவு.
ஒரு மருந்துக்கடை வரட்டும் சார்,
காய்ச்சல் மாத்திரைக்குப் பார்வதிபுரம் போகணுமாக்கும்.
படிவத்தில் ஆதரவுக்கென்று கட்டம் இல்லை.
ஆட்சேபம் அறுபத்தொன்று என்றே
அவரும் ஏறினார்.

எண்பத்தொன்பதில் ஏலாவை மண்ணடித்து நிரவிய மனைகள்.
அதைப் பற்றி ஒரு மனுவும் பேசவில்லை.
ஐப்பசியில் படியேறி வரும் தவளைகளுக்கு
மனுப்போடத் தெரியாது.

எழுபத்தெட்டை எடுத்ததும் கை நின்றது.
இந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.
மாதாமாதம் கதவிடுக்கில்
கரண்டுக் கணக்காக வந்து விழுவது.
தாணுமாலயன், கதவு எண் பதினொன்று:
மக்கள் அடத்தி கூடும்.
வாடகைக்காரர் பெருகுவர்.
யார் எவர் என்றே தெரியாது.
கிணறு தாங்காது.

'அடத்தி'யில் ஒரு 'ர்' விட்டுப்போயிருந்தது.
சேர்த்தேன்.

பதினொன்றின் மொட்டை மாடியில்
தகரக் கூரை போட்டு ஓர் அறை.
எந்த வரைபடத்திலும் அது கிடையாது.
அதில் நான், தங்கச்சி, அவளுடைய எட்டு மாதப் பையன்.
சதுர அடிக்கு எத்தனை பேர் என்று
இனி வகுக்கப் போகிறவர்கள்
எங்களை எந்த எண்ணின் கீழ் எழுதுவார்கள்?
யார் எவர் தெரியாது என்கிறார்.
பையனுக்குச் சளி என்றால்
கற்பூரவல்லி பறித்து
படியில் வைத்துவிட்டுப் போகிறவரும் அவர்தான்.
கூப்பிட மாட்டார். வைப்பார், போவார்.

கூட்டவில்லை, குறைக்கவில்லை.
உள்ளபடி அடித்து, கட்டில் சேர்த்து,
சிவப்பு நாடாவை முடிந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கிணற்றடியில் நின்றார்.
"எனக்க மனு வந்து சேந்துதா, மக்களே?"
"வந்துது. எழுபத்தெட்டாம் நம்பர்."
"அத்தற பேரு குடுத்திருக்காவளா!"
முகத்தில் சின்னதாக ஒரு வெற்றி.
பிறகு, நான் எதைத் தட்டச்சு செய்தேன் என்பது
அப்போதுதான் உறைத்தவர்போல
மோட்டார் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"மேல தொட்டி நெறஞ்சுதான்னு பாத்துச் சொல்லு,
நிப்பாட்டணும்."

ஏறிப் போய் மூடியைத் தள்ளினேன்.
இரண்டு சாண் குறைவு.
உள்ளே என் தலை, பின்னால்
ஆசாரிபள்ளத்தின் கொஞ்சம் வானம்.

"நெறஞ்சிற்று" என்றேன்.